மேக் புரோ முதல் அசெம்பிள் செய்த டவர் வரை: வேலைக்கான கம்ப்யூட்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடியோ எடிட்டிங், இசைப்பதிவு, அனிமேஷன், கட்டட வரைபடம் என்று கம்ப்யூட்டரை வைத்துப் பிழைப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு இந்த மூன்றில் வந்து நிற்கும்: என்ன விலை, பின்னால் கூட்டிக்கொள்ளலாமா, நம்பி வேலையை ஒப்புக்கொள்ளலாமா. நான் எடிட்டிங் தொழிலில் இருக்கிறேன். புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே பதிலோடு எழுதியிருக்கிறேன். ஆப்பிளின் மேக் புரோவைப் பற்றித்தான் அதிகம் வரும். காரணத்தை இரண்டாவது கேள்வியில் சொல்கிறேன்.

பெயரில் 'புரோ' என்று இருந்தால் அது வேலைக்கான கம்ப்யூட்டரா?

பெயரை விட்டுவிடுங்கள். எது நின்றுபோனால் உங்கள் வருமானமும் நின்றுபோகுமோ, அதுதான் வேலைக்கான கம்ப்யூட்டர். கல்யாண வீடியோ செய்பவரின் லேப்டாப்பும் அதில் சேர்த்தி. கடையில் 'ஒர்க்ஸ்டேஷன்' என்று தனியாக விற்பவற்றில் பொதுவாக இன்டெல் ஜியான் அல்லது ஏஎம்டி த்ரெட்ரிப்பர் புரோ போன்ற பிராசசர், பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ஈசிசி ரேம், கூடுதல் கார்டுகளைச் செருக நிறைய பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட், இரவு முழுக்க ரெண்டர் (முடித்த காட்சியைக் கோப்பாக்கும் வேலை) ஓடினாலும் தாங்கும் எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி) ஆகியவை இருக்கும்.

இந்தப் பேச்சு வந்தாலே மேக் புரோவை ஏன் இழுக்கிறார்கள்?

ஒரே பெயரில் நான்கு முறை வந்து, அதே கேள்விக்கு நான்கு வெவ்வேறு பதில் சொன்ன கம்ப்யூட்டர் அது. 2006-ல் வந்த அலுமினிய டவர் 2,499 டாலர். 2013-ல் கறுப்பு உருளை, 2,999 டாலர். 2019-ல் மறுபடி டவர், 5,999 டாலர். 2023-ல் அதே கூட்டுக்குள் ஆப்பிளின் சொந்தச் சிப், 6,999 டாலர். எல்லாமே அமெரிக்க ஆரம்ப விலை.

இன்னொரு காரணமும் உண்டு. டெல் பிடிக்கவில்லை என்றால் எச்பிக்குப் போகலாம், லெனோவோவுக்குப் போகலாம், நாமே அசெம்பிள் செய்துகொள்ளலாம். மேக் ஓஎஸ் வேண்டும் என்றால் ஒரே கடைதான். அந்தக் கடைக்காரர் எடுக்கும் முடிவு நம் வீட்டு அடுப்பு வரை வந்துவிடுகிறது. அதனால்தான் மேக்கில் வேலை செய்பவர்களுக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு ஆதங்கம்.

2010-ல் வந்த பழைய டவரை இன்னும் ஏன் புகழ்கிறார்கள்? பழைய நினைவுதானே?

நினைவு மட்டும் இல்லை. அதன் பக்கவாட்டுக் கதவைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நான்கு ஹார்ட் டிஸ்குக்கு நான்கு தட்டு. கேபிளே கிடையாது. டிஸ்கைத் தட்டில் திருகி உள்ளே தள்ளினால் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். பிராசசரும் ரேமும் ஒரு தனித் தட்டில் இருக்கும். 2009 மாடலிலிருந்து அந்தத் தட்டை அப்படியே வெளியே உருவி எடுக்கலாம். இரண்டு பிராசசர் மாடலில் ரேமுக்கு எட்டு ஸ்லாட். கார்டு போட நான்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட். 980 வாட் எஸ்எம்பிஎஸ்.

அந்தத் தட்டு ஏற்பாட்டால் இன்னொன்றும் நடந்தது. 2009 மாடலும் 2010 மாடலும் உள்ளுக்குள் ஏறக்குறைய ஒன்றுதான் என்று பயனர்கள் கண்டுபிடித்தார்கள். 2009 மாடலுக்கு 2010-ன் ஃபர்ம்வேரை (போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருளை) ஏற்றி, அதில் ஆறு கோர் ஜியான் பிராசசரைப் பொருத்தினார்கள். நான்கு கோரோடு விற்கப்பட்ட கம்ப்யூட்டர் ஆறு கோர் ஆனது. இரண்டு பிராசசர் மாடலாக இருந்தால் பன்னிரண்டு கோர்.

அப்புறம் 2018-ல் மேக் ஓஎஸ் மொஹாவே வந்தது. அதற்கு மெட்டல் என்ற கிராஃபிக்ஸ் முறை கட்டாயம். 2010 டவரோடு வந்த கார்டுக்கு அது தெரியாது. மற்ற கம்ப்யூட்டராக இருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். இங்கே ஆப்பிளே ஒரு பட்டியல் கொடுத்து, இந்தக் கார்டுகளில் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டால் 2010, 2012 டவர்களில் மொஹாவே ஓடும் என்று சொன்னது. ரேடியான் ஆர்எக்ஸ் 580 அதில் ஒன்று. எட்டு வருடம் பழைய பெட்டிக்கு அந்த வருடத்து ஓஎஸ்.

நான் செகண்ட் ஹேண்டில் வாங்கியது அப்படி ஒரு 2010 டவர்தான். வாங்கும்போது 6 ஜிபி ரேம் இருந்தது. வேலை வர வர 16, அப்புறம் 48 ஆக்கினேன். முதலில் எஸ்எஸ்டி போட்டேன், பிறகு யூஎஸ்பி 3 கார்டு, கடைசியில் ஆர்எக்ஸ் 580. ஒரு தடவைகூட மொத்தமாகப் பெரிய தொகை எடுத்து வைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கையில் வந்த பணத்துக்கு ஏற்ற ஒரு பாகம், அவ்வளவுதான். சின்னத் தொழில் செய்பவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சம்பளத்தில் இருப்பவர்களுக்குப் புரியவைப்பது கொஞ்சம் கஷ்டம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்கை இணைக்கும் சாட்டாவின் வேகம் பழையது. யூஎஸ்பி 2 மட்டும்தான் கூடவே வந்தது. கரண்ட் நிறைய இழுக்கும். 2009, 2010 போர்டுகளில் நார்த்பிரிட்ஜ் என்ற சிப்பின் மேல் சூட்டை உறிஞ்ச வைத்திருக்கும் ஹீட்சிங்கைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் முளை வருடக்கணக்கான சூட்டில் மொறுமொறுத்து உடையும். உடைந்தால் சிப் கொதிக்கும். ஆனால் அதற்கும் வழி இருந்தது: போர்டைக் கழற்றி நட்டு போல்ட் போட்டு இறுக்கிவிட்டால் சரி.

2013 உருளை அழகாகத்தானே இருந்தது. என்ன தவறு?

அழகில் தவறே இல்லை. சுமார் 25 சென்டிமீட்டர் உயரம், நடுவில் முக்கோண வடிவ ஹீட்சிங்க், மேலே ஒரே ஒரு ஃபேன், சத்தமே கேட்காது. எடிட்டிங் அறையில் சத்தம் இல்லாத கம்ப்யூட்டர் என்பது பெரிய வரம்.

தவறு கணிப்பில். அந்த முக்கோணத்தின் மூன்று முகங்களில் ஒன்றில் பிராசசர், மற்ற இரண்டில் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு. எதிர்காலம் இரண்டு நடுத்தரக் கார்டுகளைச் சேர்த்து ஓட்டுவதில் இருக்கிறது என்று ஆப்பிள் நினைத்தது. உலகம் ஒரே ஒரு பெரிய, சூடான கார்டு பக்கம் போனது. அந்தச் சூட்டைத் தாங்க அந்த முக்கோணத்தில் இடமில்லை. 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் போதாது. கார்டுகள் அந்த உருளைக்கென்றே வெட்டப்பட்டவை என்பதால் வெளியிலிருந்து வேறு கார்டு வாங்கிப் போடவும் முடியாது. புதிய தலைமுறைக் கார்டு ஒன்றையாவது ஆப்பிள் அதற்கு விற்றதா என்றால், இல்லை. ரேமை மாற்றலாம், எஸ்எஸ்டியை மாற்றலாம், பிராசசரைக்கூட முயன்றால் மாற்றலாம். எது சீக்கிரம் பழையதாகுமோ அதை மட்டும் மாற்ற முடியாது.

அந்தக் கார்டுகளில் பழுதும் வந்தது. 2016-ல் ஆப்பிளே ஒரு பழுதுபார்ப்புத் திட்டம் அறிவித்தது: 2015 பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் தயாரான சில உருளைகளில் டி500, டி700 கார்டுகள் படத்தைச் சிதைக்கலாம் அல்லது கம்ப்யூட்டரையே நிறுத்திவிடலாம், இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்று.

2017 ஏப்ரலில் ஆப்பிள் சில பத்திரிகையாளர்களை அழைத்து உட்காரவைத்து ஒப்புக்கொண்டது. வெப்ப விஷயத்தில் எங்களை நாங்களே ஒரு மூலையில் அடைத்துக்கொண்டோம் என்ற பொருளில் ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி பேசினார். காத்திருந்தவர்களிடம் மார்க்கெட்டிங் தலைவர் ஃபில் ஷில்லர் வருத்தம் தெரிவித்தார். இன்னும் வெளிவராத ஒரு பொருளைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம் என்று ஆப்பிள் முன்கூட்டிச் சொல்வது அபூர்வம். அன்று சொன்னார்கள். ஆனால் புது டவர் வர 2019 டிசம்பர் ஆகிவிட்டது. ஆறு வருடம் அந்த உருளையே விற்பனையில் இருந்தது. நடுவில் விலைப் படிகளை மாற்றினார்களே தவிர உள்ளே புதிதாக எதுவும் வரவில்லை.

ஐரோப்பாவில் இன்னும் மோசம். ஃபேன் காப்பு உள்ளிட்ட மின்பாதுகாப்பு விதி மாறியதால் 2013 மார்ச் 1 முதல் பழைய டவரையும் அங்கே விற்க முடியவில்லை. உருளை வந்தது அந்த டிசம்பரில். இடையில் மேக் புரோ வேண்டும் என்றவர்களுக்கு எதுவுமே இல்லை.

2019 டவரின் 5,999 டாலர் நியாயமான விலையா?

யாருக்கு என்பதைப் பொறுத்தது. ஒரே வார்த்தையில் ஆமாம், இல்லை என்று சொல்பவர்கள் தங்கள் வேலையை மட்டும் பார்த்துச் சொல்கிறார்கள்.

எட்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட், ரேமுக்குப் பன்னிரண்டு ஸ்லாட், 28 கோர் மாடலில் 1.5 டிபி வரை ரேம், 1.4 கிலோவாட் எஸ்எம்பிஎஸ், கழற்றி மாட்டக்கூடிய பெரிய கிராஃபிக்ஸ் கட்டைகள். 2021-ல் அதற்குப் புதிய கார்டுகளையும் ஆப்பிள் விற்றது. உருளைக்குச் செய்யாததை இதற்குச் செய்தது. பொறியியலில் இதைவிட நன்றாகச் செய்த டவரை நான் பார்த்ததில்லை.

கோபம் வந்தது ஆரம்ப மாடலால். 5,999 டாலருக்கு எட்டு கோர், 32 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, ரேடியான் புரோ 580எக்ஸ். அந்தக் கார்டின் உறவுக்காரரான ஆர்எக்ஸ் 580, 8 ஜிபியோடு 2017-ல் 229 டாலருக்கு வந்தது. அதாவது பழைய டவர் வைத்திருந்தவர் தனியாக வாங்கிப் போட்டுக்கொண்ட அதே ரகம். உச்சத்துக்குப் போனால் 50,000 டாலரைத் தாண்டும். 32 ஜிபியிலிருந்து 1.5 டிபி ரேமுக்குப் போக மட்டும் ஆப்பிள் கேட்டது 25,000 டாலர். அடியில் சக்கரம் வேண்டும் என்றால் 400 டாலர் கூடுதல். கூடவே அறிவித்த மானிட்டரின் விலை 4,999, அதன் ஸ்டாண்டு தனியாக 999.

படம் எடுக்கும் பெரிய நிறுவனத்துக்கு இது பெரிய தொகை இல்லை. நஷ்டப்பட்டது நடுவில் இருந்தவர்கள். 2,499 டாலருக்கு ஆரம்ப டவரை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்துக்கொண்ட தனி எடிட்டர், சின்ன இசைக்கூடம், வீட்டிலிருந்து அனிமேஷன் செய்பவர். அவர்களுக்கு 2006-ல் திறந்திருந்த கதவு 2019-ல் திரும்பத் திறக்கவே இல்லை. ரேமை வெளியில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முதலில் உள்ளே நுழைய வேண்டுமே.

எல்லாவற்றையும் மாற்ற முடியும் என்றால் அந்த 2019 டவர் பதினைந்து வருடம் வருமா?

வன்பொருள் வரும். மென்பொருள் வராது. 2020-ல் ஆப்பிள் இன்டெலை விட்டுத் தன் சொந்தச் சிப்புக்கு மாறத் தொடங்கியது. 2019 டவரை 2023 ஜூன் வரை விற்றார்கள். 2025-ல் அறிவித்த மேக் ஓஎஸ் டாஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி. 2023-ல் முழு விலை கொடுத்து வாங்கியவருக்குப் புதிய ஓஎஸ் கிடைக்கும் காலம் எவ்வளவு குறைவு என்று பாருங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கம்போல இன்னும் சில காலம் வரும், அது வேறு.

ஆகவே மேம்படுத்தும் வசதி என்று பேசும்போது ஸ்லாட்டை மட்டும் எண்ணாதீர்கள். பாகத்தை மாற்ற ஸ்க்ரூ டிரைவர் போதும், அந்தப் பாகத்தை ஓஎஸ்ஸோடு பேசவைக்கும் டிரைவர் என்ற மென்பொருளை எழுதித்தர ஒருவர் வேண்டும். என்விடியாவின் புதிய கார்டுகளுக்கு மொஹாவே காலத்திலிருந்தே மேக்கில் டிரைவர் இல்லாமல் போனது இன்னொரு சாட்சி. ஸ்லாட் இருந்தது, கார்டும் பொருந்தியது, படம் வரவில்லை.

ரேமைச் சிப்போடு ஒட்டியே விற்பது பேராசையா, தொழில்நுட்பமா?

இரண்டும் உண்டு. பிரித்துப் பார்க்க வேண்டும், கலந்து திட்டினால் நியாயம் கெட்டுப்போகும்.

தொழில்நுட்பப் பக்கம் இது. ஆப்பிளின் எம்2 அல்ட்ரா சிப்பில் பிராசசரும் கிராஃபிக்ஸும் ஒரே நினைவகத்தைப் பகிர்கின்றன. அதன் வேகம் விநாடிக்கு 800 ஜிபி. 2019 டவரின் ஆறு சேனல் ரேம் கணக்குப்படி 140 ஜிபி அளவுதான். அந்த வேகத்துக்கு நினைவகம் சிப்புக்கு ஒட்டி, மில்லிமீட்டர் கணக்கில் இருக்க வேண்டும். நீண்ட கம்பித்தடமும் ஸ்லாட்டின் உலோக முனைகளும் சிக்னலைக் கெடுக்கும். இது சாக்கு இல்லை என்பதற்கு ஆப்பிளுக்கு வெளியே ஓர் உதாரணம் இருக்கிறது. எல்லாப் பாகத்தையும் பயனரே மாற்றலாம் என்ற ஒரே கொள்கையில் 2021-ல் லேப்டாப் விற்கத் தொடங்கிய நிறுவனம் ஃபிரேம்ஒர்க். அவர்களே 2025-ல் ஏஎம்டியின் பெரிய சிப்பை வைத்து மேசைக் கம்ப்யூட்டர் அறிவித்தபோது, அதில் ரேமைப் பற்றவைத்துத்தான் கொடுத்தார்கள். கழற்றும்படி செய்ய ஏஎம்டியோடு சேர்ந்து முயன்றும் அந்த வேகத்தில் சிக்னல் நிற்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். மறைக்காமல் சொன்னதால் நான் நம்புகிறேன்.

பேராசைப் பக்கம் இரண்டு இடத்தில் தெரியும். ஒன்று, 8 ஜிபி கூடுதல் ரேமுக்கு ஆப்பிள் வருடக்கணக்காக வாங்கிய 200 டாலர். வெளியில் வாங்க வழி இல்லாதபோது விலையை நிர்ணயிப்பது தேவை மட்டுமே. இரண்டு, எஸ்எஸ்டி. அதற்கு இந்த வேகக் காரணம் எதுவும் பொருந்தாது. 2023 மேக் புரோவிலும் 2024-ன் மேக் மினியிலும் எஸ்எஸ்டி கழற்றும்படிதான் இருக்கிறது. ஆகவே முடியாத காரியம் இல்லை. ஆனால் கட்டுப்படுத்தும் பகுதி சிப்புக்குள் இருப்பதால் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எஸ்டியை அதில் போட முடியாது.

2023-ல் எம்2 அல்ட்ராவோடு வந்த மேக் ஸ்டூடியோ என்ற சின்ன மேசைக் கம்ப்யூட்டர் 3,999 டாலர், அதே சிப்போடு வந்த மேக் புரோ 6,999. 3,000 டாலர் எதற்கு?

ஸ்லாட்டுக்கு. அதுவும் கிராஃபிக்ஸ் கார்டு போட முடியாத ஸ்லாட். ஒலிப்பதிவுக் கார்டு, ஸ்டூடியோ கேமராவை இணைக்கும் எஸ்டிஐ வீடியோ கார்டு, அதிவேக சேமிப்புக் கார்டு, நெட்வொர்க் கார்டு இவை வேண்டியவர்களுக்கு அர்த்தம் இருந்தது. ரேம் 192 ஜிபியோடு முடிந்துவிடும். முந்தைய டவரில் அதைப்போல எட்டு மடங்கு போட முடிந்தது. மற்ற எல்லோருக்கும் நான் ஸ்டூடியோவைத்தான் சொன்னேன்.

விண்டோஸ், லினக்ஸ் பக்கம் போனால் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம்தானே?

பெரும்பாலும் ஆமாம், இரண்டு எச்சரிக்கையோடு.

முதலாவது, டெல், எச்பி போன்றவர்களின் ஒர்க்ஸ்டேஷன் டவர்களில் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் பெரும்பாலும் அவர்களுக்கே உரிய அளவில் இருக்கும். கார்டு, ரேம், டிஸ்க் எங்கும் வாங்கலாம். எஸ்எம்பிஎஸ் போனால் சென்னை ரிச்சி தெருவில் முதல் கடையில் கிடைப்பதை மாட்ட முடியாது. பதிலுக்கு அவர்கள் தருவது, ஒப்பந்தம் போட்டிருந்தால் அடுத்த வேலைநாளில் ஆள் இடத்துக்கே வந்து பாகத்தை மாற்றித் தருவது. இரவும் பகலும் வேலை நடக்கும் இடத்துக்கு அந்த ஒப்பந்தம்தான் உண்மையான மதிப்பு, பெட்டி இல்லை.

இரண்டாவது, போர்டில் பிராசசர் உட்காரும் சாக்கெட். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் 2017-ல் போர்டு வாங்கியவர்கள் 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி பிராசசரை, பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் மட்டும் செய்து, அதே போர்டில் போட முடிந்தது. ஐந்து வருடம்! ஆனால் அதே ஏஎம்டி 2019-ல் மூன்றாம் தலைமுறை த்ரெட்ரிப்பருக்குக் கொண்டுவந்த டிஆர்எக்ஸ்40 போர்டுக்கு அடுத்த தலைமுறைப் பிராசசரே வரவில்லை. வாங்கியவர்கள் அதிக விலை கொடுத்தவர்கள், முட்டுச் சந்தில் நின்றவர்களும் அவர்களே. நிறுவனத்தின் பெயரைப் பார்த்து இதைக் கணிக்க முடியாது.

அசெம்பிள் செய்வதைப் பொறுத்தவரை, உங்களுக்கோ பக்கத்தில் ஒருவருக்கோ பழுது பார்க்கத் தெரியும் என்றால் தயங்காமல் செய்யுங்கள். தெரியாது என்றால், நடுராத்திரியில் திரை கறுத்துப்போனால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

விலை கூடினால் நம்பகத்தன்மையும் கூடுமா?

கூடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நடந்தது வேறு. 2000-களின் தொடக்கத்தில் தரமில்லாத கெப்பாசிட்டர்கள் ஏராளமான மதர்போர்டுகளுக்குள் போய்ச்சேர்ந்து, வீங்கி வெடித்தன. டெல் 2005-ல் இதற்காக 300 மில்லியன் டாலரைக் கணக்கில் ஒதுக்கியது. அவை அலுவலகங்களுக்கு விற்ற நல்ல பெயர் பெற்ற கம்ப்யூட்டர்கள். 2008-ல் என்விடியா சிப்புகளின் அடிப்பகுதி இணைப்பு சூட்டில் விரிசல் விட்டு லேப்டாப்புகள் வரிசையாகச் செத்தன. 2024-ல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகப் பிராசசர்கள் தேவைக்கு மேல் மின்னழுத்தம் ஏறி மெல்ல மெல்லக் கெட்டன. அதில் விலை குறைந்த சிப்புகளைவிட விலை உயர்ந்தவைதான் அதிகம் மாட்டிக்கொண்டன. இன்டெல் வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தது.

எந்த நிறுவனமும் தப்பவில்லை. பழுது வராத கம்ப்யூட்டர் என்று ஒன்று இல்லை. ஆகவே நான் பார்ப்பது இன்னொன்றை: ஒரு பாகம் போனால் அந்தப் பாகத்தோடு நிற்குமா, மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு போகுமா?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு காலத்தில் மெல்லிய, விலை உயர்ந்த லேப்டாப் ஒன்றில் வேலை செய்தேன். பெயர் வேண்டாம். ஒரு குறும்படத்தின் கடைசி வாரத்தில் அது எழுந்திருக்கவில்லை. சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, சார்ஜ் ஏறும் பகுதியில் ஏதோ போயிருக்கிறது, போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். எஸ்எஸ்டி அந்த போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. கெட்டது ஒரு சின்னச் சிப், போனது நான்கு நாள் எடிட். டிஸ்க் நன்றாக இருந்தது, எடுக்கத்தான் வழியில்லை. அன்றிலிருந்து தினமும் இரவில் வெளி டிஸ்க் ஒன்றில் பேக்கப் போகிறது, வாரம் ஒருமுறை இன்னொன்றில் எடுத்து வேறு வீட்டில் வைக்கிறேன். அந்தப் படத்தின் இயக்குநர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

ஈசிசி ரேம் அவசியமா?

2009-ல் கூகுள் தன் சர்வர்களை இரண்டரை வருடம் கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடத்தில் எட்டு சதவீதத்துக்கும் மேலான ரேம் குச்சிகளில் பிழை கண்டிருந்தது. அதுவரை நினைத்ததைவிட மிக அதிகம். வீடியோவில் ஒரு பிட் புரண்டால் ஒரு புள்ளியின் நிறம் மாறும், யாரும் கவனிக்கமாட்டார்கள். கட்டடத்தின் தாங்குசக்தி, மருத்துவப் படம், கணக்கு இவற்றில் புரண்டால்? அந்த வேலை என்றால் ஈசிசி வாங்குங்கள். எடிட்டிங்குக்கு அந்தப் பணத்தில் ஒரு நல்ல யூபிஎஸ்ஸும் பேக்கப் டிஸ்கும் முதலில்.

லேப்டாப்பில் பின்னால் ரேம் கூட்ட வழி இருக்கிறதா?

குறைந்துகொண்டே வருகிறது. மெல்லிய லேப்டாப்பில் ரேம் போர்டோடுதான். நல்ல செய்தி, டெல் தொடங்கிவைத்த கேம் என்ற தட்டையான ரேம் பலகை. 2023 டிசம்பரில் நினைவகத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு அதைப் பொதுத் தரமாக்கியது. 2024-ல் லெனோவோ ஒரு திங்க்பேட் ஒர்க்ஸ்டேஷனில் அதன் குறைமின் வகையைக் கொண்டுவந்தது. ஸ்லாட்டின் வசதியும் பற்றவைத்ததற்கு நெருங்கிய வேகமும் கிடைக்கிறது. பரவினால் நமக்கு நல்லது.

இப்போது குறைவாக வாங்கி, ரேம் விலை இறங்கியதும் கூட்டிக்கொள்ளலாமா?

இருபது வருடமாக நான் எல்லோருக்கும் கொடுத்த யோசனை அதுதான். 2025 கடைசியில் அது பொய்த்தது. ஏஐ சர்வர்களுக்கு நினைவகம் அள்ளிக்கொண்டு போகப்பட்டதில் சில்லறைச் சந்தையில் ரேம் விலை சில மாதங்களில் இரண்டு மடங்கைத் தாண்டியது. 'குருஷியல்' என்ற பெயரில் நமக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்தச் சில்லறை வியாபாரத்தையே விடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. ஆகவே இன்றைக்கு வேலைக்கு வேண்டியதை இன்றே வாங்குங்கள். ஸ்லாட் காலியாக இருப்பது நாளைக்கு.

விலையை எப்படி ஒப்பிடுவது?

பில்லில் இருக்கும் எண்ணை அப்படியே ஒப்பிடாதீர்கள். உழைக்கும் வருடங்களால் வகுங்கள். உதாரணமாக, மூடிய பெட்டி ஒன்று இரண்டு லட்சம், நான்கு வருடம் வரும் என்று வையுங்கள்: வருடத்துக்கு 50,000. திறந்த டவர் இரண்டரை லட்சம், நடுவில் கார்டுக்கும் டிஸ்குக்கும் 70,000 செலவழித்து எட்டு வருடம் ஓட்டினால்: வருடத்துக்கு 40,000. வித்தியாசம் பெரிதில்லை என்று தோன்றும். இதில் கம்ப்யூட்டர் நின்ற நாட்களைச் சேருங்கள். உங்கள் ஒரு நாள் கூலி 5,000 என்றால், போர்டு வர இரண்டு வாரம் காத்திருந்தது 70,000. டவரில் எஸ்எம்பிஎஸ் மாற்றிய அரை நாள் 2,500.

எல்லோருக்கும் டவர்தான் ஜெயிக்கும் என்று இல்லை. வேகம் இரட்டிப்பானால் உங்கள் வேலையும் இரட்டிப்பாகும் என்றால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை விற்றுவிட்டுப் புதிது வாங்குவதும் சரியே. பழைய மேக்குகளுக்கு நல்ல மறுவிலையும் கிடைக்கிறது. கணக்கை உங்கள் எண்களை வைத்துப் போடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் 2019 மேக் புரோ கிடைக்கிறது, வாங்கலாமா?

இருக்கும் ஓஎஸ்ஸிலேயே, இருக்கும் மென்பொருளிலேயே நான்கைந்து வருடம் வேலை செய்யத் தயார் என்றால், அல்லது விண்டோஸ், லினக்ஸ் போட்டு ஓட்டத் தெரியும் என்றால், விலை படிந்தால் வாங்கலாம். புதிய மென்பொருள் வர வர ஏற்றிக்கொள்ள வேண்டிய வேலை என்றால் வேண்டாம். 2010 டவரை இனி வேலைக்கு வாங்காதீர்கள். மனசுக்காக வாங்குங்கள், தப்பில்லை. என்னுடையது இன்னும் அறை மூலையில் இருக்கிறது, பழைய டேப் காட்சிகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற அதன் ஃபயர்வயர் என்ற பழைய இணைப்புத் துளைதான் உதவுகிறது.

கடையில் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

எஸ்எஸ்டியைக் கழற்ற முடியுமா, வெளியில் வாங்கியதைப் போடலாமா என்று கேளுங்கள். ரேம் ஸ்லாட் எத்தனை, எத்தனை காலி என்று கேளுங்கள். எஸ்எம்பிஎஸ் பொது அளவா, அவர்களுடைய தனி அளவா என்று கேளுங்கள். நாமே திறந்தால் வாரண்டி போகுமா, சர்வீஸ் செய்ய ஆள் வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முடிந்தால் பக்கவாட்டு மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அடுத்த கடையையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.